போய்ப் பார்த்து வருதல்

மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு வந்துவிடுகிறது. மேலூர்க்காரர் ஒருவர் பஸ் பிடித்துத் திருமங்கலம் போய்ச் சேர அதைவிட நேரமாகும். இத்தனை பக்கத்தில் இருக்கும் நாட்டுக்குப் போவதற்குத்தான் 'வெளிநாட்டு மிஷன் பயணம்' என்று பெயர். விசேஷ ஜெபம், பயணக் காணிக்கை, ஞாயிறு ஆராதனை முடிவில் சபையார் முன்னால் முழங்கால்படியிட்டு ஆசீர்வாதம் வாங்குவது எல்லாம் முறையாக நடந்தன. போனவர்களில் நானும் ஒருவன். போகுமுன்னும், போன இடத்திலும், வந்த பிறகும் நோட்டில் எழுதி வைத்தவற்றிலிருந்து சில குறிப்புகள் இவை.

*

ஆயத்தக் கூட்டத்தில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, பொம்மலாட்டம், ஒரு மருத்துவ முகாம், வாலிபர் கூடுகை, பாட்டு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். சபையின் மின்சார வேலைகளைப் பார்க்கும் தம்பி ஒருவன் அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசியில் கேட்டான்: "ஏன் டீச்சர், அங்கெயும் சர்ச் இருக்குல்ல? நம்மளவிடப் பழைய சர்ச்சுனு சொல்றாங்க. நாம போய் என்னத்தச் சொல்லப் போறோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. டீச்சர் பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கு நடந்தவற்றில் உருப்படியான காரியம் அந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் அன்று பேசப்பட்டது. சுற்றுலா விசாவில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவர் மதப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது நம் அரசின் விதி. நம் வீட்டுக்கு வருகிறவருக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறோம் என்றால், அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதே எல்லை நமக்கும் உண்டு. ஆகவே ஒரு சபையைச் சந்திக்கப் போகும் இன்னொரு சபையாகப் போவோம், அவர்கள் கேட்டால் மட்டும் எதையாவது செய்வோம் என்று முடிவானது. பட்டியலில் பாதி அப்போதே அடிபட்டுப் போனது. சில முகங்களில் ஏமாற்றம். எனக்கு ஒரு நிம்மதி.

*

தம்பி சொன்னது சரி. நாங்கள் போகவிருந்த யாழ்ப்பாணத்துச் சபை எங்கள் மதுரைச் சபையைவிடப் பழையது. இன்னும் சரியாகச் சொன்னால், எங்கள் சபையே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குறும்பயணத்தில் பிறந்தது.

பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்க மிஷன் சங்கம் 1810-ல் தோன்றியது. 1815 அக்டோபரில் அதன் குழு ஒன்று 'டிரையட்' என்ற கப்பலில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 1816 மார்ச்சில் கொழும்பு வந்து சேர்ந்தது. கடலிலேயே ஐந்து மாதம். பிரிட்டிஷ் ஆளுநர் அவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் பணி தொடங்கியது. எதிரே, கண்ணுக்கு எட்டாத ஆனால் தோணிக்கு எட்டுகிற தூரத்தில் நம் கரை. இங்கே வந்து தங்கத்தான் வழியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் இந்தியாவில் குடியிருக்க முடியாத காலம் அது. 1833-ன் சாசனச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது.

கதவு திறந்ததும், 1834-ன் தொடக்கத்தில், லேவி ஸ்பால்டிங் என்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைச் சீமைக்கு வந்தார். இடம் பார்க்கும் பயணம் அது. வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்ச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் ஹென்றி ஹொய்சிங்டனும் வில்லியம் டாடும் மதுரைக்கு வந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் அங்கே தொடங்குகிறது. திருமங்கலத்தில் 1842-ல் தொடங்கி 1845-ல் பசுமலைக்கு மாறிய பள்ளி, 1881-ல் பசுமலையில் முளைத்துப் பின்னால் தல்லாகுளத்துக்கு வந்த அமெரிக்கன் கல்லூரி, கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரி எல்லாம் அதன் பின்வரலாறு.

குறும்பயணத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஸ்பால்டிங்கின் பயணத்தைக் காட்டலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் காட்ட வேண்டும். அந்தச் சில வாரப் பயணத்தைச் செய்தவர் 1820-லேயே யாழ்ப்பாணம் வந்து, 1873-ல் உடுவிலில் கண்மூடும்வரை அந்த மண்ணில் இருந்தவர். உடுவில் பெண்கள் பள்ளியில் பல பத்தாண்டுகள். 1842-ல் மானிப்பாயில் அச்சான தமிழ் அகராதியில் சந்திரசேகர பண்டிதரோடு அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. மதுரைக்கு வந்தபோது அவர் தமிழ் பேசத் தெரிந்தவர், வெயில் பழகியவர், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அறிந்தவர். குறும்பயணத்துக்குக் கனம் கொடுத்தது அதற்கு முன்னும் பின்னும் இருந்த நெடுவாசம்.

*

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில். 1990-ல் போரால் நின்றுபோன பாதை இது. 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம்வரை மறுபடி ரயில் வந்தது. அநுராதபுரம் தாண்டியதும் பெட்டியில் தமிழ்ச் சத்தம் கூடியது. போர் கண்ட ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்பளம். கல்லூரிப் பிள்ளைகள் போனைத் தூக்கினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அந்த இடம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளும் எப்படியோ உணர்ந்து போனை இறக்கிவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் அவர்கள் கற்ற முதல் பாடம் அதுவாக இருக்கலாம்.

*

1834-ல் ஹொய்சிங்டன், டாட் குடும்பங்களோடு யாழ்ப்பாணத் தமிழர்களும் துணைக்கு வந்தார்கள். நாங்கள் படித்துப் பழகிய மிஷன் சரித்திரத்தில் அமெரிக்கர்களுக்கு முழுப் பெயர், பிறந்த ஊர், மனைவியின் பெயர் எல்லாம் உண்டு. இவர்கள் 'சுதேச உதவியாளர்கள்'.

வந்தவர்களில் மதுரைத் தெருவில் நின்று நாலு பேரோடு நயமாகப் பேசத் தெரிந்தவர்கள் இவர்கள்தானே. எங்கே தண்ணீர் நல்லது, யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எந்தச் சொல் இங்கே வேறு பொருள் தரும் என்று முதலில் கண்டுகொண்டவர்களும் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த நாளில் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. பெயரில் பாதியைக் கொடுத்தவர்களும் உண்டு, பெயரே பதிவாகாமல் போனவர்களும் உண்டு.

இலங்கை மலையகத்திலும் இதே கதை. காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்காக 1854-ல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' நடந்ததே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்த உபதேசியார்களால். கூலிகள் நடந்த பாதையில் அவர்களும் நடந்தார்கள். போனவர்களுக்கு வழியனுப்பு விழா நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு பயணத்தின் அறிக்கை எழுதும்போது யார் பெயரை எழுதுகிறோம், யாரை 'மற்றும் பலர்' என்று விட்டுவிடுகிறோம் என்பதைக் கவனிக்கிறேன். எங்கள் அறிக்கையிலும் வேன் ஓட்டிய அண்ணனின் பெயர் முதல் பிரதியில் இல்லை. டீச்சர் சேர்த்தார்.

*

நாங்கள் தங்கிய ஊரில் ஓர் அம்மா. வாசலில் வேம்பு, கொல்லையில் பனைகள். காலையில் புட்டும் சொதியும், சாயங்காலம் தேத்தண்ணி. நாங்கள் கொண்டுபோன சுங்குடிச் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருத்துவ முகாமுக்கு அந்த ஊரில் அவசியம் இருக்கவில்லை. பக்கத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரி, மருந்தும் இலவசம். எங்களோடு வந்த நர்ஸ் அக்காவுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் அந்த அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"தொண்ணூற்றைஞ்சில ஊரே வெளிக்கிட்டுச் சாவகச்சேரிப் பக்கம் போனனாங்கள் பிள்ளை" என்று அம்மா தொடங்கினார். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் இடம்பெயர்ந்த கதை. மழை, ஒற்றைப் பாலம், தலையில் பெட்டி, கையில் குழந்தை. அதற்குப் பிறகு வன்னி. அதற்குப் பிறகு அவர் சில பெயர்களைச் சொன்னார், எதுவும் சொல்லாமல் இருந்தார், மறுபடி தேத்தண்ணி ஊற்றினார். நர்ஸ் அக்கா ஒரு வசனமும் சொல்லவில்லை, ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. இருட்டிய பிறகு அந்த அம்மாதான் எங்களுக்காக ஜெபித்தார். மதுரையில் மழை பெய்யட்டும் என்று கேட்டார்.

புறப்படும்போது சொன்னார்: "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் பிள்ளையள். வந்து இருந்து கதைச்சியள் தானே, அது போதும்."

அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனை குழுக்கள் அவர் வீட்டுக்கு வந்து எதையெதையோ செய்துவிட்டுப் போயிருக்கும்.

*

இந்த இடத்தில் ஒரு கணக்கையும் எழுதி வைக்கிறேன். 2005 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பதினாறு லட்சம் பேர் இப்படிக் குறும்பயணமாக வெளிநாடு போனார்கள் என்பது சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் மதிப்பீடு. 1998-ல் 'மிட்ச்' புயல் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டபோது அப்படிப் பல குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் பின்னால் அந்த வீட்டுக்காரர்களையும் கட்டப் போனவர்களையும் விசாரித்தார். வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டுக்குப் பயணச் செலவெல்லாம் சேர்த்து ஏறக்குறைய முப்பதாயிரம் டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் அமைப்பு கட்டிய அதே மாதிரி வீட்டுக்கு இரண்டாயிரம் டாலர். வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை தென்படவில்லை. போய் வந்தவர்கள் எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். அவர்கள் கொடுக்கும் காணிக்கையிலும் நடக்கையிலும் அந்த மாற்றம் அதிகம் காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, போகவே வேண்டாம், பணத்தை அனுப்பினால் போதும் என்று சொல்லிவிடலாம். எனக்கு அதுவும் முழு உண்மையாகப் படவில்லை. அந்த அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பியிருந்தால் 1995-ன் இரவு எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வீடு கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளப் போவது சரியல்ல. கற்கப் போகிறவன் கற்கப் போகிறேன் என்று சொல்லிப் போக வேண்டும். அப்போது செலவுக்கும் அவன்தான் பொறுப்பு.

*

மதுரைக்கு வந்து தங்கியவர்களின் வரிசை பெரியது. 1606-ல் வந்த ராபர்ட் தெ நொபிலி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இங்கே தமிழும் சமஸ்கிருதமும் கற்று வாழ்ந்தார். முதுமையில், பார்வை மங்கிய நிலையில், யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டு 1656-ல் இறந்தார். அமெரிக்கர்கள் வந்த முதல் பத்தாண்டுகளில் காய்ச்சலும் காலராவும் பலரைக் கொண்டுபோயின. 1845-ல் அவர்கள் கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டது உயிர் தப்பத்தான். மதுரை மண்ணில் மிஷனெரி வீட்டில் பிறந்த ஜே. எஸ். சாண்ட்லர், 1913-ல் தமிழ்ப் பேரகராதி வேலை மதுரையில் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அதே சமயம் ஹொய்சிங்டனையும் நினைத்துக்கொள்கிறேன். மதுரையில் அவர் நீடிக்கவில்லை. யாழ்ப்பாணம் திரும்பி வட்டுக்கோட்டை செமினரியை நடத்தினார். பிறகு சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854-ல் அவை அமெரிக்காவில் அச்சாயின. போதிக்க வந்தவர் சைவ சித்தாந்தத்தின் முன் மாணவனாக உட்கார்ந்தார். அவருடைய முடிவுகளோடு சைவர்கள் சண்டை போடலாம். உட்கார்ந்ததை மறுக்க முடியாது.

லெஸ்லி நியூபிகின் 1947 முதல் 1959 வரை மதுரை–இராமநாதபுரம் பேராயர். பிறகு சென்னையிலும் பேராயராக இருந்து 1974-ல் ஓய்வு பெற்றபோது, மனைவியோடு பெரும்பாலும் பஸ்களிலேயே தரைவழியாக இங்கிலாந்து போனார். போய் பர்மிங்காமில் ஒரு சின்னச் சபையை ஏற்று, என் சொந்த நாடுதான் இந்தியாவைவிடக் கடினமான ஊழியக் களம் என்று எழுதினார். தன் ஊரை அந்நியக் கண்ணால் பார்க்க மதுரையின் வெயில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

*

திரும்பி வந்த பிறகு தொண்டிக்கு ஒருமுறை போனேன். சிவகங்கை, தேவகோட்டை வழி. கடற்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1900 வாக்கில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் ஒரு மிஷன் சங்கம் அமைத்து, தங்கள் பணத்தில் இந்தத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் அனுப்பவில்லை. தமிழர் தமிழருக்கு அனுப்பினார்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது இதைக் கண்டார். நெல்லைச் சபைகள் யாழ்ப்பாணத்தைவிட எத்தனையோ பெரியவை. அவை தங்களுக்கென்று ஒரு மிஷன் சங்கம் அமைத்து வெளியே யாரையும் அனுப்பியிருக்கவில்லை. அந்த வெட்கத்தோடு அவர் ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். 1909-ல் அவரே தெலுங்குச் சீமையின் தோர்ணக்கலுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து 1945-ல் இறந்தார். நடுவில் 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் பேசினார். கூட்டம் சங்கடப்பட்டது.

அசரியாவின் யாழ்ப்பாணப் பயணம் ஒரு குறும்பயணம். அங்கே அவர் என்ன செய்தார் என்பதைவிட எதைக் கண்டு திரும்பினார் என்பதே இன்றுவரை நிற்கிறது. ஸ்பால்டிங்குக்கும் அதே கணக்கு. குறும்பயணம் ஊழியம் ஆகாது. ஊழியம் என்பது அங்கேயே இருக்கிறவர்களின் வேலை. வந்து போகிறவர் விருந்தாளி. விருந்தாளிக்கும் கடமைகள் உண்டு. அவை வேறு கடமைகள்.

*

இனிமேல் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அழைத்தால் போங்கள். என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள், ஒன்றும் வேண்டாம் என்றால் அதை நம்புங்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவு அந்தச் சின்னச் சபையின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். திரும்பி வருவோம் என்று, வர முடியாதவர்கள் சொல்ல வேண்டாம். அங்கே உள்ளவர்களின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் வந்ததும் சாட்சி சொல்லும்போது நீங்கள் செய்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கேட்டதைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சேகரத்தின் எல்லைக்குள்ளேயே, உசிலம்பட்டிப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ, யாரும் போய் உட்காராத ஒரு தெரு இருக்கும். அது எது என்று உபதேசியாரைக் கேட்டு, அடுத்த வாரமே அங்கே போங்கள். அதற்கு விசா வேண்டாம், பயணக் காணிக்கை வேண்டாம். அதைச் செய்ய மனமில்லாத சபை கடல் கடக்கத் தேவையில்லை.